மின்னாற்பகுத்தலை வகுப்பில் நடத்துவது எப்படி: புதிதாக வேதியியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு

மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிப்பதுதான் மின்னாற்பகுத்தல். பத்தாம் வகுப்பில் சிதைவு வினைகளில் ஒன்றாக எட்டிப் பார்க்கும் அது, 12-ஆம் வகுப்பில் மின்வேதியியல் என்ற முழுப் பாடமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அதை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். படம் வரைவார்கள், அம்புக்குறி போடுவார்கள், "நேர் அயனி எதிர்மின்வாய்க்குச் செல்லும்" என்று ஒப்பிப்பார்கள். ஒயருக்குள் எது ஓடுகிறது, தண்ணீருக்குள் எது ஓடுகிறது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும்.

அரசுப் பள்ளியில் இந்தப் பாடத்தை நடத்த வழிகாட்ட ஆள் இல்லாமல் நான் நிறையத் திண்டாடியிருக்கிறேன். எந்த உப்பை எடுப்பது, எத்தனை வோல்ட் கொடுப்பது, 40 நிமிடத்துக்குள் எதை முடிக்க முடியும், பில் யார் பெயரில் வாங்குவது என்று ஒவ்வொன்றையும் தேடித்தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒயரில் எலக்ட்ரான் ஓடுகிறது. கரைசலில் அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம், நகர்கிறது. இந்த இரண்டு உலகமும் தொட்டுக்கொள்ளும் இடம் மின்வாய். வேதிவினை அங்கே மட்டும்தான் நடக்கிறது. கரைசலின் நடுவே எலக்ட்ரான் நீந்திப் போவதில்லை. பாடம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். கீழே சொல்லும் சோதனைகளை நான் வரிசைப்படுத்தியிருப்பதும் இதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

1. இரண்டு வாரத்துக்கு முன்பே தாள் வேலையை முடியுங்கள்

தலைமையாசிரியரிடம் வாயால் சொல்லி அனுமதி வாங்குவது போதாது. ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். எந்த வகுப்பு, எந்தத் தேதி, எந்த பீரியட், என்னென்ன வேதிப்பொருள், எவ்வளவு, எந்தச் சோதனையை மாணவர்கள் செய்வார்கள், எதை ஆசிரியர் மட்டும் செய்வார், கழிவை எப்படி அகற்றப்போகிறீர்கள் என்ற விவரங்கள் அதில் இருக்கட்டும். நாளைக்கு எவராவது ஒரு பெற்றோர் வந்து "என் பிள்ளைக்கு இருமல்" என்று கேட்டால் உங்களுக்குத் துணை நிற்பது அந்தத் தாள்தான்.

வகுப்பில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் யார் என்பதை முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 7-ஆம் படிக்கு இது கட்டாயம் வேண்டும்.

ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் பொருளை எடுப்பதாக இருந்தால் இருப்புப் பதிவேட்டில் பதிந்த பிறகே எடுங்கள். வெளியில் வாங்குவதாக இருந்தால் பள்ளியின் பெயரில் பில் கேளுங்கள். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பதை எந்தத் தணிக்கையும் ஏற்காது. உரக்கடையிலும் நாட்டுமருந்துக் கடையிலும் பில் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனாலும் கேளுங்கள். பணம் பிறகு பள்ளி மானியத்திலிருந்து வரும் என்று யாராவது சொன்னால், "எந்தத் தலைப்பில்?" என்று அப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பணத்தைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

2. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

40 பேர் உள்ள வகுப்பை எட்டுக் குழுவாகப் பிரித்துக்கொள்ளலாம். குழுவுக்கு ஐந்து பேர். அதற்கு மேல் போனால் இருவர் செய்வார்கள், மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

மின்வாய்க்குப் பென்சில் போதும். ஓவியத்துக்குப் பயன்படும் 4பி, 6பி போன்ற கரும்பென்சிலில் களிமண் குறைவு, கிராஃபைட் அதிகம். அதனால் எழுதும் பென்சிலைவிட நன்றாகக் கடத்தும். இரு முனையையும் சீவி, மேல்முனையில் கிளிப்பை மாட்டிக் கீழ்முனையைக் கரைசலில் விட வேண்டும். பழைய டார்ச் செல்லை உடைத்துக் கரிக்கம்பி எடுக்கும் வழக்கம் இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது. பிள்ளைகளைச் செய்ய விடாதீர்கள். உள்ளே இருக்கும் கருப்புப் பசையில் மாங்கனீசு டை ஆக்சைடும் துத்தநாக உப்பும் இருக்கின்றன.

மற்றவை: குரோக்கடைல் கிளிப் மாட்டிய ஒயர்கள், 9 வோல்ட் சதுர பேட்டரி, பெரிய டார்ச் செல், மயில்துத்தம் (செம்பு சல்ஃபேட்) கால் கிலோ, சலவைச் சோடா, சோடியம் சல்ஃபேட் கொஞ்சம், லிட்மஸ் தாள், 10 மில்லி ஊசிக்குழாய்கள் (ஊசி இல்லாமல்), சிவப்பு எல்.இ.டி.யும் 470 ஓம் மின்தடையும், ஒரு மல்டிமீட்டர், கண்ணைக் காக்கும் கண்ணாடிக் கவசம். காலி பிளாஸ்டிக் டப்பாக்களை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள்.

தண்ணீரை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள். பெட்ரோல் பங்கிலும் மெக்கானிக் கடையிலும் விற்கும் பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர் மலிவானது, இந்த வேலைக்குப் பொருத்தமானது. போர் தண்ணீரில் மயில்துத்தத்தைக் கரைத்தால் நம் ஊர்ப் பக்கம் பல இடங்களில் வெளிர்நீலமாகக் கலங்கிவிடும். தண்ணீரின் கடினத்தன்மைக்குக் காரணமான பைகார்பனேட் செம்புடன் சேர்ந்து வீழ்படிவாவதால் வரும் கலங்கல் அது. அதே போர் தண்ணீரில் குளோரைடு அதிகமாக இருந்தால், தண்ணீரை மின்னாற்பகுக்கும்போது குளோரின் வாடையும் வந்து சேரும். பிள்ளைகள் "சார், ஆக்சிஜனுக்கு வாசனை இருக்கா?" என்று கேட்பார்கள்.

எல்லாம் சேர்த்து எட்டுக் குழுக்களுக்குச் சுமார் 2,000 முதல் 2,500 ரூபாய் ஆகும். ஊரைப் பொறுத்து விலை மாறும். இதில் பேட்டரியும் பென்சிலும்தான் ஆண்டுதோறும் தீரும். மல்டிமீட்டர், கிளிப், கண்ணாடி எல்லாம் பல ஆண்டுகள் வரும். கண்ணாடிக் கவசத்தைக் கணக்கிலிருந்து வெட்டச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

3. மின்சாரம் எங்கிருந்து எடுப்பது

சுவர் பிளக்கிலிருந்து நேரடியாக எடுக்கவே கூடாது. இரண்டு பிளேடையும் 230 வோல்ட்டையும் வைத்துத் தண்ணீர் காய்ச்சும் "சயின்ஸ் எக்ஸ்பெரிமென்ட்" ஏதாவது ஒன்று பிள்ளைகள் கைபேசியில் பார்த்திருப்பார்கள். முதல் நாளே அதைப் பற்றிப் பேசிவிடுங்கள். உயிர் போகும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

குழுச் சோதனைகளுக்கு பேட்டரியே நல்லது. ஆசிரியர் மேசையில் செய்யும் நீண்ட சோதனைக்கு மட்டும் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து பேட்டரி எலிமினேட்டரை (சுவர் மின்சாரத்தைக் குறைந்த வோல்ட் டி.சி.யாக மாற்றித் தரும் கருவி) கடன் வாங்கலாம். சில எலிமினேட்டர்களில் ஏ.சி., டி.சி. என இரண்டு ஜோடி முனைகள் இருக்கும். தப்பித்தவறி ஏ.சி.யில் மாட்டினால் இரண்டு மின்வாயிலும் ஒரே மாதிரி குமிழ் வரும், இரண்டு வாயுவும் கலந்துவிடும். மல்டிமீட்டரால் சரிபார்த்து, நேர்முனையில் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். மலிவான கைபேசி சார்ஜரை அறுத்து ஒயர் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். உள்ளே காப்பு சரியாக இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

எத்தனை வோல்ட்? தண்ணீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் 2 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். அதனால் ஒரே ஒரு 1.5 வோல்ட் செல்லை மாட்டிவிட்டு "குமிழே வரலை" என்று காத்திருக்க வேண்டாம். தண்ணீருக்கு 9 வோல்ட் கொடுங்கள். மயில்துத்தத்துக்கு இரண்டு டார்ச் செல், அதாவது 3 வோல்ட் போதும். அங்கே 9 வோல்ட் கொடுத்தால் செம்பு பளபளப்பாகப் படியாமல் கருப்புத் தூளாக உதிரும்.

4. முதல் பீரியட்: எது கடத்துகிறது, எது கடத்தவில்லை

9 வோல்ட் பேட்டரி, மின்தடை, எல்.இ.டி., இரண்டு பென்சில் முனை. இவற்றைத் தொடராக இணைத்தால் சோதிப்பான் தயார். உலர்ந்த உப்பு, வாலை வடிநீர், சர்க்கரைக் கரைசல், உப்புக் கரைசல், எலுமிச்சைச் சாறு என்று ஒவ்வொன்றிலும் முனைகளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கணிப்பை எழுத வைக்க வேண்டும். எழுதாமல் பார்த்தால் எல்லோரும் "எனக்கு முன்னாடியே தெரியும் சார்" என்பார்கள்.

உலர்ந்த உப்பில் எல்.இ.டி. எரியாது. வாலை வடிநீரிலும் எரியாது, அல்லது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலாக இருக்கும். இரண்டையும் சேர்த்தால் பளிச்சென்று எரியும். இந்த இடத்தில் நிறுத்துங்கள். உப்புக்குள் அயனிகள் முன்பே இருக்கின்றன, படிகத்தில் நகர முடியாமல் கட்டுண்டு கிடந்தன, தண்ணீர் அவற்றை அவிழ்த்துவிட்டது என்பதைப் பிள்ளைகள் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும்.

மின்சாரம்தான் உப்பை அயனிகளாக உடைக்கிறது என்ற எண்ணம் மாணவர்களிடம் மிக ஆழமாக வேரூன்றியிருக்கும். பாடத்தின் பெயரிலேயே மின்சாரமும் பகுப்பும் இருப்பதால் அப்படித் தோன்றுவது இயல்புதான். அயனி வந்தது கரைத்ததால். மின்சாரம் செய்வது, ஏற்கெனவே இருக்கும் அயனியை இழுத்து மின்வாயில் மாற்றுவது. முதல் பீரியடில் இதைத் தவிர வேறெதையும் நடத்த வேண்டாம்.

உருகிய உப்பு கடத்தும் என்பதைக் காட்ட ஈய புரோமைடை உருக்கும் பழைய செய்முறை ஒன்று இருக்கிறது. ஈயமும் புரோமினும் நச்சு. சரியான புகைபோக்கி அறை இல்லாத பள்ளியில் அதை வாயால் சொல்லிவிட்டுப் போவதே சரி.

5. இரண்டாம் பீரியட்: மயில்துத்தம்

முழுப் பாடத்திலும் ஒரே ஒரு சோதனைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். நச்சு வாயு இல்லை, வாடை இல்லை, விளைவு கண்ணுக்கு முன்னால் நிறத்தோடு தெரியும்.

100 மில்லி வடிநீரில் 12.5 கிராம் மயில்துத்தத்தைக் கரைத்தால் 0.5 மோலார் கரைசல் கிடைக்கும். முந்தின நாள் மாலையே கரைத்து வைத்துவிடுங்கள். பெரிய படிகம் கரைய நேரம் எடுக்கும், பீரியட் மணி அடித்த பிறகு கலக்கிக்கொண்டிருக்க முடியாது. கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு இது பயிர்நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவையில் சுண்ணாம்போடு சேர்க்கும் துத்தம் என்று தெரிந்திருக்கும். அதைச் சொல்லவிடுங்கள். கையில் பட்டால் கழுவ வேண்டும், வாயில் வைக்கவே கூடாது என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

இரண்டு பென்சில் முனைகளையும் ஒன்றையொன்று தொடாமல் கரைசலில் விட்டு 3 வோல்ட் கொடுங்கள். கிளிப் கரைசலில் படக் கூடாது. இந்தப் பாடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். கிளிப் நனைந்தால் பென்சிலுக்குப் பதில் கிளிப்பின் உலோகம் வினையில் இறங்கிவிடும், கரைசல் பழுப்பாகவோ பச்சையாகவோ மாறும், கிளிப்பும் அரித்துப்போகும். ஒவ்வொரு மேசைக்கும் போய் இதை மட்டும் பாருங்கள்.

ஐந்து நிமிடத்தில் எதிர்மின்வாயில் (பேட்டரியின் எதிர்முனையோடு இணைத்த பென்சில்) இளஞ்சிவப்பாகச் செம்பு படிந்திருக்கும். நேர்மின்வாயில் சிறு குமிழ்கள், அது ஆக்சிஜன். இப்போது வகுப்பைப் பார்த்துக் கேளுங்கள்: "இந்தச் செம்பு எங்கிருந்து வந்தது?" பாதிப் பேர் "பேட்டரியிலிருந்து" என்பார்கள். சிலர் "ஒயரிலிருந்து" என்பார்கள், ஒயருக்குள் செம்புதானே இருக்கிறது! பதில் சொல்லாதீர்கள். இணைப்பை அப்படியே மாற்றி மாட்டச் சொல்லுங்கள். செம்பு படிந்த முனை இப்போது நேர்மின்வாய். அதிலிருந்த செம்பு கரைந்து மறையும், அடுத்த முனையில் புதிதாகப் படியத் தொடங்கும். "கரைசலுக்குள்ளே போயிடுச்சு சார்" என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரைசலுக்குள் போக முடியுமென்றால் கரைசலிலிருந்து வரவும் முடியும்.

இதற்குப் பிறகுதான் கரும்பலகைக்குப் போக வேண்டும். எதிர்மின்வாயில்: செம்பு அயனி ஒன்று இரண்டு எலக்ட்ரானை ஏற்றுச் செம்பு அணுவாகிறது, அதாவது ஒடுக்கம். படிந்த செம்பு கரையும்போது: செம்பு அணு இரண்டு எலக்ட்ரானை விட்டுச் செம்பு அயனியாகிறது, அதாவது ஆக்சிஜனேற்றம். அரைவினைகளை எழுதும்போது எலக்ட்ரான் எண்ணிக்கையை வேறு நிறச் சுண்ணக்கட்டியில் எழுதுங்கள். இங்கே நேர்மின்வாயாக இருக்கும் ஆனோடில் ஆக்சிஜனேற்றம் என்பதை இப்போதே பிடித்துவைத்துவிட்டால், 12-ஆம் வகுப்பில் தானே மின்சாரம் தரும் டேனியல் மின்கலத்தில் ஆனோடின் குறி எதிராக மாறும்போது பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள். ஆனோடில் நடப்பது எங்கேயும் ஆக்சிஜனேற்றம்தான். குறிதான் மாறும்.

நேரம் இருந்தால், ஆசிரியர் மேசையில் இரண்டு செம்புத் தகடுகளை வைத்து எலிமினேட்டரில் தனியாக ஓடவிடுங்கள். 0.5 ஆம்பியர் மின்னோட்டத்தை 20 நிமிடம் செலுத்தினால் சுமார் 0.2 கிராம் செம்பு ஒரு தகட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். 0.01 கிராம் காட்டும் தராசில் இது தெளிவாகத் தெரியும். தகட்டின் நனையும் பரப்பு 25 சதுர சென்டிமீட்டராவது இருக்கட்டும், இல்லையென்றால் படிவு உதிரும். எடை போடும் முன் தகட்டைத் துடைக்கக் கூடாது. தண்ணீரில் முக்கி எடுத்து மின்விசிறிக்கு அடியில் உலரவிட வேண்டும். நேர்மின்வாய் இழந்தது எதிர்மின்வாய் பெற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் பதற வேண்டாம். அடியில் உதிர்ந்து கிடக்கும் துகளைக் காட்டுங்கள்.

தகட்டுக்குப் பதிலாக மோட்டார் காயில் கம்பி வாங்கினால் அதன்மேல் எனாமல் பூச்சு இருக்கும். உப்புத்தாளால் தேய்க்காமல் பயன்படுத்தினால் மின்னோட்டமே போகாது.

பென்சிலை வைத்துச் செய்தால் நாளடைவில் நீலம் வெளிறும். செம்புத் தகட்டை வைத்துச் செய்தால் நீலம் மாறாது. ஏன் என்று வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். இதற்குச் சரியாகப் பதில் எழுதும் பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.

6. மூன்றாம் பீரியட்: தண்ணீர்

பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் இரண்டு துளையிட்டுப் பென்சில் கரிக்குச்சிகளைச் சொருகி எம்-சீலால் அடைத்துவிடுங்கள். காய ஓர் இரவு விடுங்கள். ஊசிக்குழாயின் தண்டை எடுத்துவிட்டு மூக்கை எம்-சீலால் அடைத்தால் அளவுக்கோடு போட்ட சோதனைக் குழாய் கிடைத்துவிடும். தண்ணீரை மின்னாற்பகுக்க ஆய்வகத்தில் வைக்கும் ஹாஃப்மன் கருவி இருக்கும் பள்ளிகள் குறைவு. இருந்தாலும் ஒன்றுதான் இருக்கும். எட்டு மேசையிலும் எட்டு டப்பா இருப்பது அதைவிட நல்லது.

200 மில்லி தண்ணீரில் ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடா. குழாய்களைக் கரைசலால் நிரப்பிக் குமிழ் இல்லாமல் குச்சிகளின்மேல் கவிழ்க்க வேண்டும். 0.1 ஆம்பியர் ஓடினால் 10 நிமிடத்தில் சுமார் 7.5 மில்லி ஹைட்ரஜனும், அதில் பாதி ஆக்சிஜனும் வரவேண்டும். இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 40 நிமிட பீரியடில் அமைக்கப் பத்து, ஓட்டப் பதினைந்து, பேசப் பத்து, கழுவ ஐந்து என்று பிரித்தால் சரியாக வரும்.

ஆனால் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம் கரிமின்வாயில் கச்சிதமாக வராது. ஆக்சிஜன் குறைவாகவே கிடைக்கும். ஒரு பகுதி தண்ணீரில் கரைகிறது, இன்னொரு பகுதி கரியோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. பிள்ளைகள் அளந்த எண்ணைத் திருத்தி எழுதச் சொல்லாதீர்கள். வந்த எண்ணை எழுதட்டும், குறைவு ஏன் என்று யோசிக்கட்டும். முதல் ஐந்து நிமிட வாயுவை வெளியே விட்டுவிட்டு, கரைசல் வாயுவால் நிறைந்த பிறகு அளக்கத் தொடங்கினால் விகிதம் ஓரளவு நெருங்கும்.

ஹைட்ரஜனை எரியும் தீக்குச்சியால் சோதிப்பதை ஆசிரியர் மட்டும் செய்யுங்கள். சில மில்லி போதும், "பொப்" என்று சத்தம் வரும். இரண்டு வாயுவையும் ஒரே குழாயில் பிடிக்கவே கூடாது. அந்தக் கலவை வெடிக்கும்.

இதற்கு அடுத்து ஒரு நிறச் சோதனை. சலவைச் சோடாவுக்குப் பதில் சோடியம் சல்ஃபேட் கரைசலை எடுத்து, வெந்நீரில் ஊறவைத்த செம்பருத்திச் சாற்றை அதில் கலக்குங்கள். மின்னோட்டம் பாய்ந்ததும் எதிர்மின்வாயைச் சுற்றிப் பச்சை விரியும், நேர்மின்வாயைச் சுற்றிச் சிவப்பு. ஒரு பக்கம் காரம், மறுபக்கம் அமிலம். பேட்டரியை எடுத்துவிட்டுக் கரண்டியால் கலக்கச் சொல்லுங்கள். நிறம் பழையபடி திரும்பும். ஒரு பக்கம் எத்தனை ஹைட்ரஜன் அயனி உண்டானதோ அத்தனை ஹைட்ராக்சைடு அயனி மறுபக்கம் உண்டாகியிருக்கிறது என்பதற்கு இதைவிட அழகான சான்று எனக்குத் தெரியாது. செம்பருத்தி கிடைக்காத பள்ளியில் மஞ்சள்தூள் பயன்படும். ஆனால் அது காரப் பக்கத்தை மட்டுமே சிவப்பாகக் காட்டும்.

சோடியம் சல்ஃபேட் இல்லையென்று எப்சம் உப்பைப் போட்டால் எதிர்மின்வாய் அருகே வெள்ளையாகக் கலங்கும். அது மக்னீசியம் ஹைட்ராக்சைடு. தவறொன்றும் இல்லை, ஆனால் நிறம் மறைந்துவிடும்.

7. உப்புக் கரைசல்: ஆசிரியர் மட்டும், இரண்டு நிமிடம்

இதைக் குழுக்களிடம் கொடுக்காதீர்கள். நேர்மின்வாயில் வருவது குளோரின். எட்டு மேசையில் ஒரே நேரத்தில் ஓடினால் அறை நிரம்பிவிடும். சன்னல்களைத் திறந்து, 20 மில்லி கரைசலில், ஆசிரியர் மேசையில், இரண்டு நிமிடம் மட்டும் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் கதவருகே உட்காரட்டும், அல்லது வராண்டாவிலிருந்து பார்க்கட்டும். முகர்ந்து பார்க்கச் சொல்ல வேண்டாம். ஈரமான நீல லிட்மஸைக் குமிழ்களுக்கு மேலே பிடித்தால் முதலில் சிவக்கும், பிறகு வெளுக்கும். வெளுப்பதே போதுமான சான்று.

எதிர்மின்வாய்ப் பக்கம், காரத்தைக் காட்டும் ஃபினாப்தலீன் ஒரு துளி விட்டால் இளஞ்சிவப்பாகும். அங்கே உண்டானது ஹைட்ரஜனும் சோடியம் ஹைட்ராக்சைடும்.

"சோடியமும் குளோரினும் கிடைக்கும்" என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். சோடியம் உலோகம் உருகிய உப்பிலிருந்து கிடைக்கும், கரைசலிலிருந்து கிடைக்காது. தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும்போது எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது தண்ணீருக்கு எளிது, சோடியம் அயனிக்குக் கடினம். இதை விதியாக மட்டும் சொல்லி விடாதீர்கள். சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தீப்பற்றி ஹைட்ரஜன் விடும் உலோகம் தண்ணீருக்குள் சும்மா படிந்து கிடக்குமா என்ற கேள்வியே அவர்களைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

8. கணக்கு

எவ்வளவு மின்னூட்டத்துக்கு எவ்வளவு பொருள் படியும் என்று சொல்லும் ஃபாரடே விதிகளை ஒரு முழு பீரியட் ஒதுக்கி நடத்துங்கள். செம்புத் தகட்டுச் சோதனையில் கிடைத்த சொந்த எண்களிலிருந்து தொடங்கினால் பாதி பயம் போய்விடும். மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் மின்னூட்டம், அதை ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டமான 96,500-ஆல் வகுத்தால் எலக்ட்ரான் மோல், அதிலிருந்து உலோக மோல், பிறகு நிறை. இந்த நான்கு படியையும் ஒவ்வொரு கணக்கிலும் எழுத வையுங்கள். ஒரே வாய்பாட்டில் எண்ணைப் போட்டுப் பழகியவர்கள் கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் நின்றுவிடுகிறார்கள்.

2 ஆம்பியர், 30 நிமிடம், செம்பு சல்ஃபேட். 30 நிமிடம் என்பது 1,800 நொடி. மின்னூட்டம் 3,600 கூலும். எலக்ட்ரான் சுமார் 0.0373 மோல். செம்புக்கு இரண்டு எலக்ட்ரான் என்பதால் 0.01865 மோல். செம்பின் அணுநிறையான 63.5-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1.18 கிராம். மதிப்பெண் போவது இரண்டு இடத்தில்: நிமிடத்தை நொடியாக்க மறப்பது, இரண்டால் வகுக்க மறப்பது. வெள்ளிக்கு ஓர் எலக்ட்ரான், அலுமினியத்துக்கு மூன்று என்று அடுத்தடுத்த கணக்குகளை மாற்றிக் கொடுங்கள்.

மல்டிமீட்டரை மாணவர் கையில் கொடுக்கும்போது 10 ஆம்பியர் துளையில் சிவப்பு முனையைச் சொருகித் தொடராக இணைத்துக் கொடுங்கள். பேட்டரியின் இரு முனைக்கும் குறுக்கே வைத்தால் கருவி பழுதாகும்.

9. பள்ளிக்கு வெளியே

சிதம்பரம் கவரிங் நகையைத் தெரியாத பிள்ளை இருக்காது. உள்ளே மலிவான உலோகம், மேலே மின்னாற்பகுத்தலால் படிந்த மெல்லிய தங்கம். நகை எந்த மின்வாய் என்று கேட்டால் வகுப்பு விழித்துக்கொள்ளும். ஆனால் தங்க முலாம் பூசும் கரைசல்களில் சயனைடு உப்பு பயன்படுவதுண்டு. அதனால் வகுப்பில் செய்து பார்க்கவோ, பட்டறைக்குள் அழைத்துப்போகவோ கூடாது.

சிவகங்கை மாவட்டப் பக்கம் இருப்பவர்களுக்குக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கான பார்வை நாள் உண்டா என்று பள்ளியின் கடிதத்தாளில் எழுதிக் கேளுங்கள். பயணத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் படிவமும் கல்வி அலுவலரின் முன் அனுமதியும் தேவைப்படும். அதற்கு ஒரு மாதமாவது ஒதுக்குங்கள்.

10. முடிந்த பிறகு

மயில்துத்தக் கரைசலைத் தொட்டியிலோ மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். செம்பு அயனி மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. மூடியுள்ள பாட்டிலில் ஊற்றிப் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். அடுத்த பிரிவுக்கும் அதே கரைசல் பயன்படும். நீலம் வெளிறிய கரைசலில் இரும்பு ஆணிகளைப் போட்டு வைத்தால் மிச்சமிருக்கும் செம்பு ஆணியில் படிந்துவிடும், இடப்பெயர்ச்சி வினைக்கு அதுவே சோதனை ஆகிவிடும். சலவைச் சோடாக் கரைசலை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம்.

கிளிப்புகளை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பச்சை பிடித்துவிடும். 9 வோல்ட் பேட்டரியின் இரு முனையும் பக்கத்திலேயே இருப்பதால், ஒயரோடு சேர்த்து ஒரே டப்பாவில் போட்டால் குறுக்கிணைப்பாகிச் சூடேறும். முனைகளில் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். பயன்படுத்திய அளவை இருப்புப் பதிவேட்டில் கழித்துத் தலைமையாசிரியரின் சுருக்கொப்பம் வாங்குங்கள். மயில்துத்தம் 100 கிராமுக்குக் கீழே போயிருந்தால் அடுத்த ஆண்டுக்கான தேவைப் பட்டியலில் அப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறந்த பிறகு கேட்டால் பொருள் வந்து சேர்வதற்குள் பாடம் முடிந்திருக்கும்.